வளையம் 0417

அல் கர்ஜ். ஆறாம் கொட்டகை.
வெளியே நாற்பத்தேழு டிகிரி.
உள்ளே, ஈர அட்டை வழியாக இழுத்த காற்று
இருபத்தெட்டில் நிற்கிறது.
கோழிகள்தான் நிற்கவில்லை.

ஒரு கால் முன்னே நீண்டு
ஒரு கால் பின்னே நீண்டு
ஓட்டப் பந்தயத்தின் நடுவில்
யாரோ விசில் ஊதி நிறுத்திவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டதுபோல் கிடக்கின்றன.
கண் மட்டும் தீவனத் தட்டில்.

மாரெக்ஸ் என்றார் டாக்டர் இத்ரீஸ்,
செத்த ஒன்றின் தொடையைப் பிரித்து
நரம்பைத் தூக்கிக் காட்டி.
வெள்ளை நூல் இருக்க வேண்டிய இடத்தில்
சணல் கயிறு இருந்தது.
குஞ்சாக இருந்தபோது போட்ட ஊசிமருந்து
எந்த விமான நிலையத்தில் உருகிக் கெட்டதோ.
பேப்பரில் எல்லாம் சரியாகவே இருந்தது.

மூவாயிரத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் நடந்தன.
விழுந்தவற்றின் முதுகில் ஏறி நின்று
தண்ணீர்க் குழாயைத் தட்டின.

நல்லதைத்தான் நோய் விட்டுவைக்கும் என்றிருந்தேன்.
இவை நல்லவை அல்ல.
எடை குறைந்தவை, சிடுசிடுப்பானவை,
முதலாளி கணக்கில் தீவனத்துக்குக் கேடு.
அதிலொன்று, வளையம் 0417,
போன மாதம் என் பெருவிரலைக் கொத்திப் பிளந்தது.
‘மொத லாரியில உன்னத்தான்டி ஏத்துவேன்’
என்று திட்டியிருக்கிறேன்.

அதன் இறக்கையை நான் விரித்துப் பிடிக்க
இத்ரீஸ் ரத்தம் எடுத்தார்.
‘செங்கோடன், இது தைரியம் இல்லை.
பதினாறாவது குரோமோசோமில்
சில எழுத்துகள் வேறு மாதிரி.
வைரஸ் புகுந்த செல்
இவற்றில் கையைத் தூக்கிக் காட்டிவிடும்,
உள்ளே ஆள் இருக்கிறான் என்று.
மற்றவற்றில் செல்லுக்குக் கை தூக்கத் தெரியாது.
அவ்வளவுதான்.’
சூடானில் அவர் வீடு இருந்த தெரு
இப்போது இல்லை என்று டிரைவர் சொன்னார்.
அவர் சொன்னதில்லை.

அந்த வாரமே எங்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள்,
இகாமா புதுப்பிக்க.
மோனிருலுக்கு மஞ்சள் காமாலை பி.
நான்கே நாளில் டிக்கெட்.

ஒரே அறை, அவனும் நானும்.
சனையாவில் ஒரே சலூன்.
ஒரே பிளேடு என்று இப்போது தோன்றுகிறது.
பயந்துபோய் டிஸ்பென்சரியில் காசு கட்டி
இன்னொரு சோதனை கேட்டேன்.
‘உனக்கும் வந்திருக்கு’ என்றார் மலையாள டாக்டரம்மா.
‘வந்திட்டு, போயிருக்கு. பயம் வேண்டா.’

எப்போது?
மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோதா,
ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசையிலா,
மோனிருல் வைத்த மீன் குழம்பில்
உப்பு இல்லை என்று அவனிடம் கத்திய இரவிலா?
அவனைவிட நன்றாக நான் சாப்பிட்டதில்லை.
அவன் ஐந்து வேளை தொழுவான்.
நான் சிகரெட் பிடிப்பேன்.

விழுந்தவற்றையெல்லாம் குழியில் தள்ளி
சுண்ணாம்பு தூவினோம்.
நின்றவற்றோடு சேவல் விட்டு
அந்த முட்டைகள் மட்டும் இன்குபேட்டருக்கு.
‘இனி இந்த வம்சத்துக்குக் கவலையில்லையா?’
முகமூடியைக் கழற்றாமலே சொன்னார் இத்ரீஸ்:
‘இந்த நோய்க்கு இல்லை.
அடுத்தது வேறு கதவால் வரும்.
அதற்கு நிற்கக்கூடியவை
இந்தக் குழிக்குள்ளேயும் இருந்திருக்கலாம்.’

வியாழக்கிழமை முடி வெட்டப் போனேன்.
பிளேடு உறையை
என் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னேன்.
சலூன்காரன் சிரித்தான். பிரித்தான்.

0417 இட்டது சின்ன முட்டை.
பென்சிலால் எண் போடும்போது
உள்ளங்கையில் சூடாக உருண்டது.
மோனிருல் கட்டிலுக்கு
நாளை புது ஆள் வருகிறானாம்.
மெடிக்கல் பாஸ்.